ஒழுகிய வால்வும் நிலாவெளிக் காற்றும்

தண்ணீருக்குள் இறக்கிய சிலிண்டரைத் தேடி முதலில் வந்தவை மீன்கள்தான்.

மடவளையில் எங்கள் பள்ளிவாசலில் ஒரு ஹவுழ் இருக்கிறது. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி வுழு செய்கிற பெரிய தண்ணீர்த் தொட்டி. உள்ளே வெள்ளை டைல்ஸ். மேலே கூரையில் ஒரு கண்ணாடித் தகடு. லுஹர் என்ற மதியத் தொழுகை முடிந்து ஆட்கள் கடைக்கும் வீட்டுக்கும் போன பிறகு, அந்தத் தகடு வழியாக வெயில் இறங்கி, தண்ணீரின் அடியில் வலை போல ஆடிக்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வரும். தூங்காமலே கனவு வரும்.

அந்த வெயில் வலைக்குள் நான் ஒரு மஞ்சள் சிலிண்டரைப் படுக்க வைத்தேன். முழங்கை வரைக்கும் குளிர்ந்தது. சிலிண்டர் ஒரு குட்டி யானை போல அடியில் போய் அமர்ந்தது.

ஹவுழில் வளர்கிற சின்னச் சிவப்பு மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. பிறகு ஒன்று வந்தது. பிறகு நாலைந்து. எல்லாம் சிலிண்டரின் கழுத்தடியில் போய்க் கூடின. ஏதோ தின்னக் கிடைத்தது போல வாயைத் திறந்து திறந்து மூடின.

கிட்டக் குனிந்து பார்த்தேன். கழுத்தைச் சுற்றி, கடுகை விடச் சின்னதாக, ஒன்றன் பின் ஒன்றாகக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. மீன்கள் அவற்றைத்தான் கொத்தின.

"வாப்பா! எங்கால வருது?" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து என் மகள் கத்தினாள்.

மதிலுக்கு வெளியே ஒரு டாக்டர்

பிள்ளைகளே, போன வாரம் குக்கர் விசில் ஏன் கத்துகிறது என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு பிள்ளை, "மாமா, நீங்கள் பழுது பார்த்ததிலேயே பயமான சாமான் எது?" என்று கேட்டு அனுப்பியிருந்தது. யோசித்தேன். காஸ் அடுப்பு இல்லை. பழைய பிரஷர் லாம்பும் இல்லை. இந்த மஞ்சள் சிலிண்டர்தான்.

இது கடலுக்கு அடியில் போகிறவர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் காற்றுச் சிலிண்டர். கண்டிப் பக்கத்து மலைக்குள் இது எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் மூத்த மகள் ரிஸ்னா கொண்டுவந்தாள். திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் ஒரு ஹோட்டலுக்குக் கணக்கு எழுதப் போன பிள்ளை அவள். போன இடத்தில் நீச்சல் பழகினாள். பிறகு தண்ணீருக்கடியில் சுழியோடப் பழகினாள். பிறகு சோதனைகள் எழுதி, உல்லாசப் பயணிகளைப் பவளப் பாறை காட்டக் கூட்டிக்கொண்டு போகிற வேலைக்கே மாறிவிட்டாள்.

எங்களுக்கு அதை மெல்ல மெல்லத்தான் சொன்னாள். முதலில் "கரையில நிண்டு சாமான் குடுக்குற வேல" என்றாள். அடுத்த பெருநாளைக்கு "கொஞ்சம் எறங்குற" என்றாள். அதற்கடுத்த பெருநாளைக்கு, ஆமையொன்றின் முதுகுக்கு மேலே தான் மிதக்கிற படத்தைக் காட்டினாள். அவளுடைய உம்மா, என் மனைவி பரீதா, படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஆம வடிவா ஈக்கிது" என்று ஆமையின் அழகை மட்டும் சொன்னாள்.

ஹவுழ் ஆண்கள் பக்கம். ரிஸ்னா உள்ளே வர முடியாது. அவள் வெளியே த்ரீவீலுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுடைய போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. என்னுடையது பட்டன் போன், அதில் படம் எடுத்தால் எல்லாமே மழைநாள் மாதிரி இருக்கும். ஆகவே சிலிண்டருக்கு வைத்தியம் தெரிந்தவள் வெளியேயும், ஒன்றும் தெரியாத நான் உள்ளேயுமாக நின்றோம்.

"கழுத்துல வருது மகள்!"

"திருகுற குமிழ்லயா, அதுக்குக் கீழயா?"

"கீழ! மீனெல்லாம் அங்கதான் நிக்கிது!"

"மீனா? எனத்த மீன்?"

எங்கள் பள்ளியின் மோதினார், பாங்கு சொல்கிறவர், இளம் வயது. நல்ல பகிடிக்காரர். தொட்டி விளிம்பில் சாரனை மடித்துக்கொண்டு குந்தியிருந்தார். இந்தச் சோதனைக்கு அவரிடம் கேட்டபோது, "அழுக்கு, எண்ணெ ஒண்டும் ஈக்கப்படாது. கழுவி எடுத்துட்டு வாங்கொ" என்று அனுமதி தந்தவர். நானும் வீட்டில் மூன்று தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவித்தான் கொண்டுவந்திருந்தேன்.

"சலீம் நானா, சிலிண்டரும் வுழு செஞ்சிட்டுது. இனி அஸர் தொழுகைக்கு முன்வரிசையில கொண்டு வெய்ங்கொ" என்றார் என்னிடம்.

மதிலுக்கு வெளியே ரிஸ்னா சிரிக்கிற சத்தம் கேட்டது.

வீட்டில் ஒரு பீப்பாவில் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். பார்த்தோம். கறுப்புப் பீப்பாவுக்குள் குமிழி தெரியவில்லை. சவர்க்கார நுரை பூசியும் பார்த்தேன், காஸ் சிலிண்டருக்குச் செய்கிற மாதிரி. நுரை இருந்த இடமெல்லாம் குமிழியாகத் தெரிந்தது. இவ்வளவு மெல்லிய ஒழுக்கைக் காட்ட வெள்ளை அடியும், தெளிந்த தண்ணீரும், நல்ல வெயிலும் வேண்டும். எங்கள் ஊரில் அந்த மூன்றும் சேர்ந்திருப்பது பள்ளியில்தான்.

என்ன அவசரம்

இந்தச் சிலிண்டர் ஏன் அன்றைக்கே சரியாக வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

திகனைக்கு அப்பால் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் ஒரு விடுதிக்காரர் மிதக்கிற படகுத்துறை ஒன்று வைத்திருந்தார். பலகை மேடை தண்ணீரில் மிதக்கும். அதைப் பிடித்து வைத்திருக்கிற சங்கிலிகள் தண்ணீருக்கடியில் கரையோரமாக வெகு தூரம் போகும். அந்தச் சங்கிலிகளைத் தடவிப் பார்த்து, தேய்ந்த வளையங்களை மாற்ற வேண்டும். வேலையை எடுத்தவர் ரஞ்சித் என்ற ஒரு சுழியோடி. சிங்களத்தில் அண்ணனை அய்யா என்பார்கள். ஆகவே ரிஸ்னாவுக்கு அவர் ரஞ்சித் அய்யா.

அவர் ரிஸ்னாவையும் கூப்பிட்டிருந்தார். பயணிகளுக்குப் பாறை காட்ட அல்ல, வேலை செய்கிற சுழியோடியாக. அப்படி அவளை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் பொம்புளப் பிள்ளை அவள் ஒருத்திதான்.

ஒவ்வொருவரும் அவரவர் சிலிண்டரோடு வர வேண்டும் என்பது பேச்சு. மேலதிகமாக ஒன்றும் இல்லை. "அய்யா தண்ணிக்குள்ள போட்டுப் பாப்பாரு வாப்பா. ஒரு குமிழி வந்தாலும் எறக்க மாட்டாரு. வேற ஆள வரச் செல்லுவாரு. பொறகு எனக்கு இப்பிடி வேல வராது" என்றாள்.

நிலாவெளியிலிருந்து வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு வரும்போது நிறையக் காற்று இருந்ததாம். வீட்டில் ஒரு இரவு வைத்ததில், காற்று அளக்கிற மீற்றரின் முள் இறங்கியிருந்தது. அங்கே கொடுத்துத் திருத்த நேரம் இல்லை. மறுநாள் காலையில் திகனையில் நிற்க வேண்டும்.

கடல் காற்று

பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்து நான் ஸ்பெனரை எடுத்தபோது ரிஸ்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல காத்து முழுக்கப் போகணும் வாப்பா. உள்ளுக்குக் கொஞ்சம் ஈந்தாலும் கழட்டப்படாது. வால்வு துவக்குக் குண்டு மாதிரிப் பறக்கும்."

பிள்ளைகளே, இதை நீங்களும் நினைவில் வையுங்கள். அமுக்கி அடைத்த எந்தச் சாமானையும் தெரியாமல் திறக்கக் கூடாது. தெரிந்தவர்களுமே பயந்துதான் திறப்பார்கள்.

எங்கள் குசினி வாசலுக்கு வெளியே, துணி காயப்போடுகிற இடத்தில் சிலிண்டரை நிறுத்தினோம். ரிஸ்னா வால்வைத் திருகுகிற குமிழைக் கொஞ்சமாகத் திருப்பினாள். ஒரு நூல் அளவு சத்தம் வந்தது. பிறகு அது அகன்றது. நீண்ட, ஒரே சீரான மூச்சு. யாரோ தொலைவில் உட்கார்ந்து "ஸ்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிற மாதிரி.

கொடியில் தொங்கிய சாரன் ஆடியது. பரீதாவின் சால்வை ஆடியது. அன்றைக்கு எங்கள் பக்கம் ஒரு இலைகூட அசையவில்லை. மலைக்கு மேலே மூடுபனி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கொடியில் மட்டும் காற்று வீசியது.

வால்வு குளிர்ந்து, அதன் மேலே பனி போல ஈரம் பூத்தது. விரலால் தொட்டேன். நுவரெலியாக் காலை மாதிரி இருந்தது.

பரீதா குசினிக்குள்ளிருந்து கரண்டியோடு வந்தாள். "எனத்த இந்தச் சத்தம்?"

"நிலாவெளிக் காத்து உம்மா. அங்கதான் நெரப்பின."

பரீதா கரண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெல்லக் கிட்ட வந்து, அந்தக் காற்றில் முகத்தைக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய நெற்றி மயிர் பின்னால் பறந்தது.

"உப்பு மணம் ஒண்டும் இல்லயே."

"வடிகட்டித்தான் அடைக்கிற. மணம் ஈக்காது."

"பொறகு எப்பிடி நிலாவெளிக் காத்தெண்டு செல்றது?" என்றாள் பரீதா. ஆனால் முகத்தை எடுக்கவில்லை.

பரீதா ஒருமுறைகூட நிலாவெளிக்குப் போனதில்லை. மகள் கூப்பிட்டும் போகவில்லை. அன்றைக்கு அந்தக் கரை, மஞ்சள் சிலிண்டருக்குள் மடித்து வைத்திருந்த ஒரு துணியைப் போல, எங்கள் வீட்டு வாசலில் விரிந்துகொண்டிருந்தது. எனக்கு அப்படித்தான் பட்டது. எங்கோ ஒரு பகல், அங்கே ரிஸ்னா நின்ற மணல், அவள் தலைக்கு மேலே போன பறவை, எல்லாவற்றையும் தொட்ட காற்று இப்போது எங்கள் கறிவேப்பிலை மரத்தை ஆட்டுகிறது.

சத்தம் மெலிந்தது. நூலானது. நின்றது. அதற்குப் பிறகு வந்த அமைதியில் பக்கத்து வீட்டுக் கோழி கீறுகிற சத்தம் கேட்டது.

ரிஸ்னா அஸர் தொழ உள்ளே போனாள்.

குசினியில் ஒரு வேண்டுகோள்

அவள் போனதும் பரீதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ரிஸ்னாட வாப்பா, இத சரிக்கட்ட ஏலாண்டு செல்லுங்களேன்."

நான் அவளைப் பார்த்தேன்.

"பொய் செல்லச் செல்லல்ல. கஷ்டம், நேரம் போதாதெண்டு செல்லுங்கொ. நீங்க சென்னா அவ நம்புவா."

"இவ்வளவு நாளும் கடல்ல எறங்கினாளே. அப்ப ஒண்டும் செல்லல்லயே."

"அது தூரம்" என்றாள் பரீதா. "பின்னேரம் கோல் எடுப்பா. கொரலக் கேட்டா, எறங்கி ஏறிட்டாண்டு தெரியும். எந்த நேரம் எறங்கினாண்டு எனக்குத் தெரியாது. இது நம்மட ஊருத் தண்ணி. எத்தின மணிக்கு எறங்குறாண்டு தெரிஞ்சிட்டு நான் எப்பிடி சோறாக்குற?"

உண்மையைச் சொன்னால், அந்தப் பயம் எனக்கும் இருந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் போகும்போதுகூட நான் மகாவலி ஆற்றைப் பார்க்க மாட்டேன், எதிர்ப்பக்கக் கடைகளைத்தான் பார்ப்பேன். "சரிவரல்ல மகள்" என்ற இரண்டு சொல் என் வாய்க்குள்ளேயே இருந்தது. சொன்னால் பிள்ளை பத்திரமாக வீட்டில் இருக்கும்.

பரீதா பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து போய்விட்டாள். தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. வழமையை விடக் கொஞ்சம் பலமாக.

குழாய்க்காரன் செய்த வேலை

ரிஸ்னா வந்தாள். சிலிண்டரைத் தரையில் படுக்க வைத்து நான் இரண்டு காலாலும் இடுக்கிக்கொண்டேன். அவள் ஸ்பெனரைப் போட்டாள். வால்வு முரண்டு பிடித்து, பிறகு இளகியது. கையாலே சுழற்றி எடுத்தாள்.

வால்வின் அடியில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். ஓரிங் என்பார்கள். அந்தச் சின்ன வளையம்தான் அவ்வளவு காற்றையும் பிடித்து வைக்கிறது. உங்கள் சுட்டுவிரலில் மோதிரமாகப் போட்டால் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அவ்வளவுதான். கழற்றிப் பார்த்தால் அதில் ஓர் இடத்தில் மட்டும் நகத்தால் கிள்ளினது போல ஒரு காயம்.

ரிஸ்னாவிடம் புது வளையம் இருந்தது. அதை எடுக்க அவள் பையைத் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில், என் கை தானாக ஒரு வேலை செய்துவிட்டது. வால்வின் திருகுப் புரியில் வெள்ளை டேப்பை நாலு சுற்றுச் சுற்றியிருந்தது. தண்ணீர்க் குழாய் பூட்டும்போது சுற்றுவோமே, அதே டேப். வருஷக் கணக்காகப் புரியைக் கண்டால் டேப் சுற்றிய கை. கேட்டுக்கொண்டா செய்யும்?

ரிஸ்னா திரும்பிப் பார்த்தாள்.

"வாப்பா! இது எனத்த, பாத்ரூம் பைப்பா?"

"ஒழுகக் கூடாதே மகள்."

"குழாய்ல புரிதான் அடைக்கும். இங்க புரி சும்மா பிடிச்சிட்டு நிக்கிற மட்டும்தான். அடைக்கிற இந்த வளையம். டேப் ஈந்தா வளையம் குந்தாது. பிஞ்சி விழுந்தா எண்ட வாய்க்குள்ளதான் வரும்."

நான் வெட்கத்தோடு டேப்பைப் பிய்த்தேன். பிறகு புது வளையத்துக்குப் பூச என் கிறீஸ் டின்னை எடுத்தேன். அதையும் வாங்கித் தள்ளி வைத்தாள்.

"லொறிக்குப் பூசுற சாமான் இதுக்கு வாணா. இதுக்குள்ளால மூச்சு வாற." அவளிடம் ஒரு குட்டிக் குழாய் இருந்தது, சிலிகோன் கிறீஸ். பருப்பு அளவு எடுத்து, கண்ணுக்கு மை தீட்டுகிற மாதிரி அவ்வளவு மெல்லியதாகப் பூசினாள்.

நான் டோர்ச் அடித்து சிலிண்டருக்குள் பார்த்தேன். உள்ளே ஒரு வெள்ளி அறை. வெறுமை. வெளிச்சம் போய் அடியில் விழுந்து, நிலா போல வட்டமாக நின்றது. ஒரு மனுஷியின் ஒரு மணி நேர மூச்சு இதற்குள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே டோர்ச்சை அணைத்தேன்.

"சரி வாப்பா. இனிப் பூட்டலாம்."

"இரு மகள்."

எனக்கு அந்தக் காயம்தான் மனதில் நின்றது. வளையம் பழசாகியிருந்தால் சுற்றிவரத் தேய்ந்திருக்கும். ஓர் இடத்தில் மட்டும் கிள்ளியிருந்தால், அதற்கு எதிரே கிள்ளுகிற ஒன்று இருக்க வேண்டும். ரிஸ்னா கழுத்தின் வாயை விரலால் தடவினாள். "ஒண்டும் இல்ல" என்றாள். அவளுடைய விரல்நுனி கயிறும் உப்பும் பட்டுத் தடித்திருந்தது. நான் தடவினேன். சூடான பித்தளையைத் தொட்டுத் தொட்டு என் விரலுக்கு எப்போதோ ருசி போய்விட்டது.

பரீதாவின் விரல்

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருக்கிறது. யாராவது குக்கர் கொண்டுவந்தால், மூடியின் விளிம்பில் நெளிவோ கீறலோ இருக்கிறதா என்று நான் பார்க்க மாட்டேன். பரீதாவிடம் கொடுப்பேன். கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு விரலை ஒரு சுற்று விடுவாள். "இங்க" என்பாள். அங்கே இருக்கும். கலியாணம் முடித்த காலத்திலிருந்து இப்படித்தான். அரிசிக்குள் கல்லை விரலாலேயே பிடிக்கிற கை.

அன்றைக்கு அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று நான் யோசித்தேன். எதைச் சரிக்கட்ட ஏலாது என்று சொல்லச் சொன்னாளோ, அதையே அவள் கையில் கொடுப்பது நியாயமா? ஆனால் வேறு விரல் என்னிடம் இல்லை.

"பரீதா, கொஞ்சம் இங்க வாங்க."

வந்தாள். தேங்காய்ப் பால் படிந்த கையைக் கழுவி, சால்வைத் தலைப்பில் துடைத்தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை. சிலிண்டரின் வாயைக் காட்டினேன். அவளுக்கு விளங்கியது. என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

குந்தி உட்கார்ந்து சுட்டுவிரலை உள்ளே விட்டாள். மெல்லச் சுற்றினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. ஒரு கண் சிமிட்டும் நேரம். பிறகு கடந்து போனது. சுற்று முடிந்தது.

ரிஸ்னா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனத்த உம்மா? ஒண்டும் இல்லதானே?"

பரீதா விரலை வெளியே எடுத்து அதன் நுனியைப் பார்த்தாள்.

பிள்ளைகளே, விரல் நின்றதை நான் பார்த்தேன். ரிஸ்னா பார்க்கவில்லை. "இல்லை" என்று பரீதா சொல்லியிருந்தால் நாங்கள் பூட்டியிருப்போம். மறுநாள் ரஞ்சித் தண்ணீரில் போட்டுப் பார்த்து, குமிழியைக் கண்டு, பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருப்பார். யாருக்கும் யார் மேலும் கோபம் வந்திருக்காது. பரீதா கேட்டது அப்படியே கிடைத்திருக்கும். நானும் வாயைத் திறக்கவில்லை. அது அவளுடைய விரல்.

வெளியே வெயில் சாய்ந்து, மூடுபனி தோட்டத்துக்குள் இறங்க ஆரம்பித்தது. கொடியில் சாரன் அசையாமல் தொங்கியது.

பரீதா இரண்டாம் தரம் விரலை விட்டாள். இந்தத் தடவை சுற்றவில்லை. நேராக அந்த இடத்துக்குப் போனாள்.

"இங்க" என்றாள். "சீனி மாதிரி ஒண்டு ஒட்டிட்டு ஈக்கிது."

எழுந்து குசினிக்குப் போய்விட்டாள்.

டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். இருந்தது. அலுமினியத்தில் உப்பு பட்டுப் பூத்த ஒரு வெள்ளைப் பொருக்கு. ஒரு சீனிப் பரலில் பாதி. கத்தியால் சுரண்டினால் கீறல் விழும் என்று ரிஸ்னா பயந்தாள். நான் விளக்குமாற்றிலிருந்து புது ஈர்க்கு ஒன்றை உருவி, நுனியைக் கடித்துத் தும்பாக்கினேன். சிலிண்டரை இரண்டு கதிரைகளின் இருக்கைகளுக்கு நடுவே வாய் கீழே பார்க்கச் சாய்த்தோம், தூள் உள்ளே விழாமல் வெளியே விழட்டும் என்று. ரிஸ்னா கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் கீழே படுத்துக்கொண்டு ஈர்க்கால் தட்டித் தட்டி எடுத்தேன். பொருக்கு என் கன்னத்தில் விழுந்தது. பாரமே இல்லை.

பிறகு சுத்தத் துணியால் துடைத்து, புது வளையத்தோடு வால்வைப் பூட்டினோம். ரிஸ்னா கையாலேயே சுழற்றி, கடைசியில் மட்டும் ஸ்பெனரால் கொஞ்சம் தொட்டாள். இன்னும் இறுக்கு என்று என் கை துடித்தது. அதை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

திகனைப் பக்கம்

காலையில் "நான் வரல்ல" என்றாள் பரீதா. சிலிண்டரை ஏற்றிக்கொண்டு நான் பேர்ஸை எடுக்க உள்ளே போய் வருவதற்குள், சோற்றுப் பார்சல்களை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலுக்குள் உட்கார்ந்திருந்தாள். சிலிண்டர் தாய்க்கும் மகளுக்கும் நடுவே நின்றது. வளைவுகளில் அது சாயும்போதெல்லாம் பரீதா அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நீர்த்தேக்கத்தின் மேலே மூடுபனி படுத்திருந்தது. எதிர்க்கரை இல்லை. மலைகள் அடி இல்லாமல் ஆகாயத்தில் தொங்கின. படகுத்துறை அந்த வெள்ளைக்குள் பாதி போய் நின்றது, முடிவில்லாத ஒரு பாலம் மாதிரி.

ரஞ்சித் பெரிய மீசைக்காரர். குறைவாகப் பேசுகிறவர். தன்னுடைய கம்ப்ரசரால் ரிஸ்னாவின் சிலிண்டரை மெல்ல மெல்ல நிரப்பினார். கரையோரத் தண்ணீரில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு சிகரெட் முடிகிற வரைக்கும் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பரீதாவும் பார்த்தாள்.

ஒரு குமிழி வரவில்லை.

"யார் செக் பண்ணின?" என்று அவருடைய தமிழில் கேட்டார்.

"எங்கட உம்மா" என்றாள் ரிஸ்னா.

அவர் பரீதாவைப் பார்த்தார். பரீதா சால்வையை இழுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாள். "எஹெனங் ஹரி" என்றார். அப்படியென்றால் சரி என்று அர்த்தம்.

ரிஸ்னா கறுப்பு உடுப்பில், முதுகில் மஞ்சளோடு, துறையின் ஓரத்தில் அமர்ந்தாள். எங்களைப் பார்த்துக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினாள். பிறகு பின்னால் சாய்ந்தாள். தண்ணீர் திறந்து மூடியது. அவ்வளவுதான். இருந்த பிள்ளை இல்லை.

பரீதா கரைக்கு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸ்.

கொஞ்சத் தூரத்தில் தண்ணீர் கொதிப்பது போல ஒரு இடத்தில் குமிழிகள் பொங்கின. நின்றன. மறுபடி பொங்கின.

"ஒழுகுது!" என்று பரீதா கத்தினாள். "ரிஸ்னாட வாப்பா, அது ஒழுகுது!"

"இல்ல" என்றேன். "அது புள்ளட மூச்சு. வெளிய விடுற மூச்சு."

பரீதா என்னைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். குமிழிகள் பொங்கின. நின்றன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பொங்கின. அவளும் விட்டாள்.

குமிழிகள் மெல்ல நகர்ந்தன. பரீதா என் கையை விட்டாள். கரையோரமாக, மானாப் புல்லை விலக்கிக்கொண்டு, அவற்றுக்கு நேராக நடக்கத் தொடங்கினாள். அவை நின்றால் நின்றாள். திரும்பினால் திரும்பினாள். சேற்றில் செருப்பு மாட்டியது. இழுத்துக்கொண்டு நடந்தாள். சோற்றுப் பார்சல் இன்னும் கையில் இருந்தது. வெள்ளை மூடுபனிக்குள் கரையில் ஒருத்தியும் அடியில் ஒருத்தியுமாக, என் வீட்டில் உள்ள இரண்டு பேர், சேர்ந்து உலாவப் போகிறவர்கள் போலப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, பரீதாவின் செருப்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

ரிஸ்னா தலையைத் தூக்கியபோது துறையிலிருந்து வெகு தூரம் போயிருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். முன்னால், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், அவளுடைய உம்மா.

"உம்மா? எப்பிடி சரியா இங்க நிக்கிறீங்க?"

"சும்மா நடந்தன்" என்றாள் பரீதா. "பசிக்குதா?"

"இன்னம் ரெண்டு சங்கிலி ஈக்கிது உம்மா. எறங்கணும்."

பரீதா தலையை ஆட்டினாள். சோற்றுப் பார்சலை ஒரு கல்லின் மேல் வைத்தாள். குனிந்து, சேறு பிடித்த செருப்புகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி தயாராக நின்றாள்.